அறுபதுக்கு முன்னே வரும் மறதி
‘ஸ்டில் ஆலிஸ்’ நாடகம் உழைக்கும் மக்கள் முன் வைக்கும் கேள்விகள்

(கலை இலக்கிய அமர்வு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஐம்பது வயதுப் பெண் ஒருவர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மனித மனம் மொழியை எவ்வாறு கையாளுகிறது என்பதே அவரது ஆய்வுத் துறை. விரிவுரை நிகழ்த்திக்கொண்டிருக்கும்போது நன்கறிந்த ஒரு சொல் அவர் நாவுக்கு வர மறுக்கிறது. பின்னர் ஒருநாள், ஆண்டுக்கணக்காக ஓடிப் பழகிய தெருவிலேயே, வீட்டுக்குச் செல்லும் வழி எதுவென்று தெரியாமல் நின்றுவிடுகிறார். பணிச்சுமை என்று எண்ணுகிறார். மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தடுமாற்றம் என்று எண்ணுகிறார். மருத்துவர் சொல்லும் பெயரோ வேறு: இளவயதில் தொடங்கும் அல்சைமர் நோய்.

‘ஸ்டில் ஆலிஸ்’ நாடகத்தின் கதை இவ்வாறு தொடங்குகிறது. ‘இன்னமும் ஆலிஸ்தான்’ என்று அத்தலைப்பைத் தமிழில் கூறலாம். நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்ற லிசா ஜெனோவா எழுதிய நாவலே இதன் மூலம். 2007இல் அவரே சொந்தமாக அந்நாவலை வெளியிட்டார்; 2009இல்தான் பெரிய பதிப்பகமொன்று அதனை ஏற்றது. கிறிஸ்டின் மேரி டன்ஃபோர்டு அதை நாடகமாக்கினார். 2013இல் சிகாகோவின் லுக்கிங்கிளாஸ் நாடகக் குழு அதனை மேடையேற்றியது. 2014இல் திரைப்படமாகவும் வந்தது. ஆலிஸாக நடித்த ஜூலியன் மூர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். திரைப்படத்தைப் பலரும் பார்த்திருக்கக்கூடும். இங்கே பேச எடுத்துக்கொண்டது நாடகத்தையே. திரைப்படம் செய்ய முடியாத ஒன்றை நாடகம் செய்திருக்கிறது.

மேடையில் இருவர்

நாடகத்தில் ஆலிஸ் ஒருவராக வருவதில்லை. ‘ஆலிஸ்’ என்ற பாத்திரத்தோடு, ‘அவளே’ என்று சொல்லத்தக்க இன்னொரு பாத்திரமும் மேடையில் இருக்கிறது. அதற்கென்று வேறொரு நடிகை. ஆலிஸ் பிறரிடம் சொல்ல அஞ்சுவதை அந்த இரண்டாமவர் சொல்கிறார். ஆலிஸின் வாயில் சொல் சிக்கும்போது, உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை அவர் வழியாகவே பார்வையாளர் அறிகின்றனர். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவருக்கும் அந்த இரண்டாமவர் தெரிவதில்லை. அரங்கில் அமர்ந்திருப்போருக்கு மட்டுமே தெரிகிறார்.

இது வெறும் மேடை உத்தியன்று. மறதிநோய் வந்தவரை நம் சமூகம் வெளியிலிருந்தே பார்க்கிறது. அவர் என்ன மறந்தார், எதை உடைத்தார், எங்கே தொலைந்தார் என்றே பேசுகிறது. ‘பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது’ என்று அவர் எதிரிலேயே சொல்கிறது. உள்ளே இருக்கும் மனிதருக்குத் தெரிகிறது, புரிகிறது, அவமானம் சுடுகிறது. சொல்லத்தான் இயலவில்லை. சொற்கள் போன பிறகும் ஆள் இருக்கிறார் என்பதை, மேடையில் நிற்கும் அந்த இரண்டாவது உடல் கண்முன்னே காட்டிவிடுகிறது. தலைப்பில் உள்ள ‘இன்னமும்’ என்ற சொல்லுக்கு அதுவே பொருள்.

2018இல் இந்நாடகம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், அப்போது வெஸ்ட் யார்க்ஷயர் பிளேஹவுஸ் என்று வழங்கிய அரங்கில் மேடையேறியது. அந்தத் தயாரிப்புக்கு ஆலோசகராக இருந்தவர் வெண்டி மிட்செல். பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையில் 20 ஆண்டுகள் பணியாற்றியவர். ஊழியர்களின் பணி அட்டவணைகளைக் கவனித்தவர். கூர்மையான நினைவாற்றலுக்குப் பெயர் பெற்றவர். இரு மகள்களைத் தனியாக வளர்த்தவர். 2014இல், 58ஆம் வயதில், அவருக்கு மறதிநோய் உறுதி செய்யப்பட்டது. வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற நேர்ந்தது. அதன் பிறகு அவர் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. பேச்சு தடுமாறியபோதும் விரல்கள் தட்டச்சு செய்ய மறக்கவில்லை. நாள்தோறும் எழுதினார், நூல்கள் வெளியிட்டார், மருத்துவ மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உரையாற்றினார். உணவு நேரத்தையும் மருந்து நேரத்தையும் நினைவூட்டக் கைக்கணினியில் மணியடிக்கச் செய்துகொண்டார். 2024 பிப்ரவரியில் மறையும்வரை அவர் வலியுறுத்தியது ஒன்றே: நோய்க்குத் தொடக்கமும் நடுவும் முடிவும் உண்டு, உலகம் முடிவை மட்டுமே கற்பனை செய்கிறது.

லீட்ஸ் அரங்கம் அந்த ஆண்டு ‘ஒவ்வொரு மூன்றாம் நிமிடமும்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நாடக விழாவையே நடத்தியது. பிரிட்டனில் மூன்று நிமிடத்துக்கு ஒருவர் மறதிநோய்க்கு ஆளாகிறார் என்ற மதிப்பீட்டிலிருந்து எடுத்த பெயர் அது. நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்து விழாவை வடிவமைத்தவர்களில் மறதிநோயோடு வாழ்வோரும் இருந்தனர். அதற்கும் முன்பே, 2014 முதல், மறதிநோயுற்றோர் வந்து பார்ப்பதற்கேற்ற தனிக் காட்சிகளை அந்த அரங்கம் நடத்திவந்தது. அத்தகைய காட்சிகளில் திடீரென்று அதிரும் ஒலி குறைக்கப்படும். பார்வையாளர் பகுதி முழு இருளில் ஆழ்த்தப்படாது. நடுவில் எழுந்து போகவும் திரும்பி வரவும் தடையிராது. வழிகாட்டும் பலகைகள் பெரிய எழுத்தில் இருக்கும். பெருஞ்செலவு பிடிக்கும் ஏற்பாடு எதுவும் இதில் இல்லை. நோயுற்றவரும் இந்த ஊரின் குடிமகன், அரங்கம் அவருக்கும் உரியது என்ற எண்ணமே இதற்குத் தேவைப்பட்டது.

பெயரிலேயே ஒரு பிழை

தமிழில் இந்நோயை ‘முதுமை மறதி’ என்றழைக்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இந்தியில் ‘சட்டியானா’ என்றொரு வினைச்சொல் உண்டு. அறுபதைக் குறிக்கும் ‘சாட்’ என்ற எண்ணிலிருந்து பிறந்த சொல் அது. அறுபதைத் தொட்டவருக்குப் புத்தி தடுமாறும் என்ற கேலி அதில் பொதிந்திருக்கிறது. இருமொழி வழக்கும் ஒன்றையே சொல்கின்றன: மறதி முதியோருக்கு உரியது, இயல்பானது, அதற்கு மருத்துவம் எதற்கு?

மருத்துவ வரலாறு இதற்கு நேர்மாறானது. 1901இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் ஆகுஸ்டே டெட்டர் என்ற பெண் சேர்க்கப்பட்டார். வயது 51. கணவர் ரயில்வே எழுத்தர். தன்னையே தொலைத்துவிட்டதாக அப்பெண் மருத்துவரிடம் முறையிட்டார். அந்த மருத்துவர்தான் அலோயிஸ் அல்சைமர். மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்ட இயலாமல், செலவு குறைந்த வேறிடத்துக்கு மனைவியை மாற்றும்படி கணவர் மீண்டும் மீண்டும் கேட்டதாக அந்த வரலாறு சொல்கிறது. 1906இல் ஆகுஸ்டே இறந்தார். அவரது மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் அல்சைமர் சமர்ப்பித்த அறிக்கையே இந்நோய் பற்றிய முதல் பதிவு. அதன் பிறகு பல பத்தாண்டுகள், ‘அல்சைமர் நோய்’ என்ற பெயர் முதுமைக்கு முன்னே தாக்கும் மறதியை மட்டுமே குறித்தது. முதியோரின் மறதியும் பெரும்பாலும் இதே நோய்தான் என்ற கருத்து வலுப்பெற்றது 1970களில்.

ஆகவே இந்நோயின் வரலாற்றில் முதல் நோயாளி நடுத்தர வயதுப் பெண்; அவரது குடும்பத்தின் முதல் கவலை மருத்துவச் செலவு. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கவலை பழையதாகிவிடவில்லை.

65 வயதுக்கு முன் தொடங்கும் மறதிநோயையே மருத்துவ உலகம் இளவயது மறதிநோய் என்கிறது. உலகில் 30 முதல் 64 வயதுக்குட்பட்டோரில் சுமார் 39 லட்சம் பேர் இதனோடு வாழ்வதாக 2021இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இந்தியாவில் மறதிநோய் குறித்து அதிகம் மேற்கோள் காட்டப்படும் தேசிய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அதன்படி 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்கின்றனர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் விகிதம் கூடுதல். மதிப்பு வாய்ந்த ஆய்வுதான். ஆயினும் எண்ணத் தொடங்கிய வயதே 60. ஐம்பதில் வழி தவறி நிற்பவர் அந்தக் கணக்கில் இடம்பெற மாட்டார்.

சட்டத்தின் வாசலில்

ஆலிஸுக்குச் சொந்த வீடு உண்டு. மருத்துவக் காப்பீடு உண்டு. நாட்டின் சிறந்த மருத்துவர்கள் பக்கத்திலேயே உண்டு. அவராலும் வேலையைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. அவரது இடத்தில் நம் நாட்டின் பேருந்து நடத்துநர் ஒருவரை வைத்துப் பாருங்கள். வசூல் குறைந்தால் முதலில் வருவது குறிப்பாணை. விசைத்தறித் தொழிலாளியின் கை ஒருகணம் தயங்கினால் விரல் போகும். வீட்டு வேலை செய்யும் பெண் அடுப்பை அணைக்க மறந்தால் மறுநாள் அவருக்கு வேலை இல்லை. ஒரு பொருள் காணாமற்போனால் திருட்டுப் பட்டமும் சேரும். இவர்களுள் எத்தனை பேர் நோயின் பெயரை அறியுமுன்பே, பொறுப்பற்றவர், குடிகாரர், திருடர் என்ற பெயரோடு வெளியே தள்ளப்படுவர்!

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. அதன் 20ஆவது பிரிவு நல்லதொரு பாதுகாப்பைத் தருகிறது. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலையைச் செய்ய இயலாவிடில், அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும். அதுவும் இல்லையெனில், ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். சட்டத்தின் பட்டியலில் மறதிநோய் என்ற பெயர் இல்லை. எனினும் மனநோய்க்கு அது தரும் வரையறையில் நினைவும் இடம், காலம் அறியும் உணர்வும் கடுமையாகச் சிதைவது அடங்கியிருக்கிறது. அந்த வழியாக உரிமை கோர இடமுண்டு. தொழிற்சங்கத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நோய் தெரிந்ததும் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கும் முயற்சி நடக்குமானால், அங்கே சங்கம் நிற்க வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. உழைப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்கு வெளியே இருக்கின்றனர். முதியோர் பராமரிப்புச் சட்டம் 60 வயதிலிருந்தே மூத்த குடிமக்களைக் கணக்கிடுகிறது. இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியமும் 60இலேயே தொடங்குகிறது. 79 வயதுவரை அதில் ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய்தான். 52 வயதில் நோயுற்றவர் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் கேட்கலாம். அதற்கு வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 80 விழுக்காட்டுக் குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். கிடைக்கும் ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். ஆயுஷ்மான் பாரத் காப்பீடோ மருத்துவமனையில் படுத்தால்தான் பேசும். மறதிநோய்க்குத் தேவை, ஆண்டுக்கணக்கில் வீட்டில் ஒருவர் கூடவே இருப்பது. அதற்கு அந்த அட்டை உதவாது.

கவனிப்பவர் யார்?

நாடகத்தின் மிக நேர்மையான பகுதி குடும்பத்தைக் காட்டும் பகுதியே. ஆலிஸின் கணவர் ஜான் அறிவியலாளர். மனைவியிடம் அன்புள்ளவர். நியூயார்க்கில் உயர்ந்த பதவியொன்று அவரை அழைக்கிறது. மனைவி தம்மை அடையாளம் காணும் இறுதி ஆண்டை அவரோடு கழிப்பதா, தம் ஆய்வைத் தொடர்வதா என்ற கேள்வி எழுகிறது. கதை அவரைக் கொடியவராக்கவில்லை. அவரது தவிப்பையும் காட்டுகிறது. இறுதியில் தாயின் அருகே அதிகம் இருக்கப்போவது மகள் லிடியா. கல்லூரிப் படிப்பை விட்டு நடிப்பைத் தேர்ந்ததற்காகத் தாயிடம் நெடுங்காலம் மனத்தாங்கல் கொண்டிருந்த மகள் அவள்.

ஹார்வர்டிலும் கவனிப்பு வந்து சேரும் தோள் பெண்ணின் தோளாகவே இருக்கிறது. இந்தியாவின் நிலையை 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டிலுள்ளோரைக் கவனிக்கும் ஊதியமற்ற பணியில் ஈடுபடுகின்றனர். ஆண்களில் சுமார் 21 விழுக்காட்டினர். அவ்வாறு ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 140 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 74 நிமிடம். இது பொதுவான சராசரி. மறதிநோயாளி இருக்கும் வீட்டில் நிமிடக் கணக்கு செல்லாது. இரவில் எழுந்து கதவைத் திறப்பவரைக் காக்க இரவு முழுதும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். நோயுற்றவர் 50 வயதினர் என்றால், பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பர், வீட்டுக் கடன் முடிந்திராது, பெற்றோரும் உயிரோடிருப்பர். ஒரு வருமானம் நோயால் நிற்கும். மறு வருமானம் கவனிப்பதற்காக நிற்கும்.

வசதியுள்ளோர் வீடுகளில் அந்த இரவை விழித்துக் கழிப்பவர் வேறொரு பெண். ஜார்க்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் முகவர்கள் வழியாகத் தில்லிக்கு வரும் பெண்களின் உழைப்பே பல வீடுகளின் அமைதி. வீட்டுப் பணியாளருக்கான உலகத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா அதற்கு இன்றுவரை ஒப்புதல் அளிக்கவில்லை. ஆகவே பராமரிப்பைப் பாசத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. அது உழைப்பு. பாசம் அந்த உழைப்பைச் செய்ய வைக்கலாம். அதற்கான ஊதியத்தையும் ஓய்வையும் மறுப்பதற்குப் பாசம் காரணமாகிவிடக் கூடாது.

கேரளம் காட்டும் திசை

2005இல் ‘தன்மாத்ரா’ என்ற மலையாளத் திரைப்படம் வந்தது. இயக்கியவர் பிளெஸ்ஸி. தலைமைச் செயலக ஊழியர் ஒருவர் நடுவயதிலேயே அல்சைமர் நோய்க்கு ஆளாகும் கதை, மோகன்லால் நடித்தார். சாதாரண அரசு ஊழியரின் வீட்டுக்குள் இந்நோயைக் கொண்டுவந்து காட்டிய படம் அது. அத்தகைய படம் அங்கே பிறந்து வரவேற்புப் பெற்றதற்குப் பின்னணி உண்டு. மறதிநோயாளருக்கான இந்தியாவின் முன்னோடி அமைப்பு 1992இல் கேரளத்தில்தான் உருவாயிற்று. நோய்தணிப்புப் பராமரிப்புக்கென்று மாநிலக் கொள்கையை முதலில் அறிவித்ததும் கேரளமே. ஆண்டு 2008, இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக்காலம். உள்ளாட்சி மன்றங்களும் பயிற்சி பெற்ற செவிலியரும் ஊர்த் தொண்டர்களும் நோயாளியின் வீட்டுக்கே செல்லும் முறை அங்கு வளர்ந்தது. படுக்கையில் கிடப்போரைக் கவனிக்கும் குடும்பத்தினருக்கு ‘ஆசுவாசகிரணம்’ திட்டத்தில் மாதம் 600 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. தொகை சிறிது; நிதி நெருக்கடியில் நிலுவை நின்ற காலங்களும் உண்டு. ஆனால் கவனிப்பவரும் அரசின் பொறுப்புக்கு உட்பட்டவர் என்ற கொள்கை அதில் இருக்கிறது.

ஒரு மாநிலத்தின் கையிருப்பு இதற்குப் போதாது. உலகச் சுகாதார அமைப்பு 2017இல் மறதிநோய்க்கான உலகச் செயல்திட்டத்தை ஏற்று, உறுப்பு நாடுகள் தத்தம் தேசியத் திட்டத்தை வகுக்கக் கோரியது. இந்தியாவுக்கு அப்படியொரு தனித் தேசியத் திட்டம் இன்னும் இல்லை. அது வேண்டும் என்று கேட்க வேண்டும். அதில் வயது வரம்பு கூடாது என்றும் கேட்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைதோறும் நினைவுப் பரிசோதனைப் பிரிவு, பகல்நேரப் பராமரிப்பு மையம், கவனிப்பவருக்கு உதவித்தொகை, தனியார் துறைக்கும் பொருந்தும் பணிப் பாதுகாப்பு ஆகியவை அதில் அடங்க வேண்டும். இந்த வேலையையும் ஊதியமின்றி ஆஷா, அங்கன்வாடி ஊழியர் தலையில் ஏற்றிவிடும் குறுக்குவழியை ஏற்கலாகாது. அவர்கள் ஏற்கெனவே தொழிலாளர் என்ற தகுதிக்காகவே போராடிக்கொண்டிருப்பவர்கள்.

நம் அமைப்புக்குள்ளும்

தோழர்களே, இறுதியாக ஒன்று. ஆலிஸின் கதையை நம் கிளைக் கூட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐம்பது வயதுத் தோழர் ஒருவர் கூட்டத்துக்கு வர மறக்கிறார். சந்தாப் பணத்தை வாங்கியதை மறந்து மீண்டும் கேட்கிறார். முப்பதாண்டுகள் மேடையில் முழங்கியவர் பேச்சின் நடுவில் நிற்கிறார். சாந்தமானவர் திடீரென்று சீறுகிறார். அலட்சியம், ஒழுங்கீனம், விலகல் மனப்பான்மை என்று அறிக்கையில் எழுதுவது எளிது. விளக்கம் கேட்கும் கடிதம் அனுப்புவதும் எளிது. அவரோடு மருத்துவமனைக்குச் செல்வதே முதலில் செய்ய வேண்டியது.

எல்லா மறதியும் இந்நோயன்று. தைராய்டுக் குறைபாடு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் நினைவு தடுமாறும். உரிய மருத்துவத்தால் அவற்றைச் சீராக்கலாம். அதனாலேயே பரிசோதனை விரைவில் நடக்க வேண்டும். மறதிநோய்தான் என்று தெரிந்தாலும் அதோடு ஒருவரது அரசியல் வாழ்வு முடிந்துவிடாது. கணக்குப் பொறுப்பை மாற்றலாம். கூட்டத்துக்கு அழைத்து வர ஒருவரை நியமிக்கலாம். குறிப்பை எழுதிக் கையில் தரலாம். அவர் சொல் தேடும்போது காத்திருக்கலாம். அவர் வீட்டிலுள்ள பெண்ணுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு கிடைக்க ஆண் தோழர்கள் முறைவைத்து அங்கே அமரலாம். ‘தோழர்’ என்ற சொல்லின் பொருள் அங்கேதான் சோதிக்கப்படும்.

கதையின் இறுதியில், நடிகையாகிய லிடியா தான் ஒத்திகை பார்க்கும் பகுதியொன்றைத் தாய்க்குப் படித்துக் காட்டுகிறாள். படிப்பவள் தன் மகள் என்பது அப்போது ஆலிஸுக்குத் தெரியாது. சொற்களின் பொருளையும் அவரால் பின்தொடர இயலாது. அது எதைப் பற்றியது என்று மகள் கேட்கிறாள். அன்பைப் பற்றியது என்று தாய் விடை சொல்கிறார். விடை சரியானதே.

அந்த விடையைக் கேட்க ஒருவர் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். அவ்வாறு அமர்வதற்கு நேரமும் கூலியும் உரிமையும் உள்ள சமூகத்தைக் கேட்பதே நமது அரசியல்.